மாரிகுப்பம் ரயிலில் ஒரு சர்க்கரை மாத்திரை

மருந்து ட்ரையலில் சேர்ந்தவர்களின் பட்டியலை உங்களிடம் நீட்டினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வயது, எடை, சர்க்கரை அளவு, பழைய நோய்கள். நானும் பல வருடம் அதைத்தான் பார்த்தேன். முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைத் தபால் அனுப்புவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்தக் கட்டத்தை இன்றைக்கே ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துவிடுங்கள். எனக்கு அது புரிவதற்குத் தாமதமாகிவிட்டது.

பெங்களூருக்குக் கிழக்கே, தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ட்ரையல் கோஆர்டினேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைக்கு வருவதற்கு முன் ஒரு மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள் அல்லவா, அதற்குச் சம்மதிக்கும் ஆட்களைத் தேடுவது, படிவத்தை வாசித்துக் காட்டுவது, மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, இதெல்லாம் என் வேலை. பொறுப்பு டாக்டருடையது, ஓட்டம் என்னுடையது. அதன் முறைகளை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதில் தப்பு செய்தது நான், விலை கொடுத்தது வேறொருவர்.

சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரை. ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் வகை. வழக்கமான மருந்தோடு சேர்த்து சிலருக்குப் புது மாத்திரை, சிலருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

ஆள் வேண்டும் என்றதும் நான் போன் போட்டது என் அப்பாவின் நண்பர்களுக்கு. அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே தொழிற்சாலையில் டர்னர் வேலைக்கு வந்தவர். நாங்கள் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அந்தப் பெரியவர்களை எட்டரைக்கு வரச் சொன்னால் எட்டு இருபதுக்கு வந்து நிற்பார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவார்கள். ஒருவர் எங்கள் படிவத்திலேயே ஒரு கூட்டல் தப்பைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ட்ராயிங் இப்படி வந்தா நாங்க திருப்பி அனுப்பிடுவோம்மா" என்று சிரித்தார். அவர்களைத் தொடர்ந்து கடைவீதி முதலாளிகளும் வந்தார்கள். இத்தனை வேகமாக யாரும் ஆள் சேர்த்ததில்லை என்று கம்பெனியிலிருந்து பாராட்டு வந்தது. டாக்டர் எல்லாருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் மானிட்டர் வந்தார். கம்பெனி சார்பில் வந்து எங்கள் பதிவுகளைச் சரிபார்க்கும் பெண் அதிகாரி. ஹைதராபாத்காரர், பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வழக்கமாகக் காரில் வருவார். அந்தத் தடவை கார் கிடைக்காமல் பெங்களூரிலிருந்து சாயங்கால ரயிலில் வந்திருந்தார். மறுநாள் தோளைப் பிடித்து விட்டுக்கொண்டே என் பட்டியலைப் புரட்டினார்.

"நேத்து ரயில்ல உக்கார எடம் இல்ல. நிக்கவும் இல்ல. என்னச் சுத்தி முழுக்கப் பொம்பளைங்க. அவங்கள மாதிரி ஒருத்தர்கூட இந்த லிஸ்ட்ல இல்லியே, ஏன்?"

"அவங்க பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க மேடம். இதுக்கெல்லாம் வர மாட்டாங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?"

நான் கேட்டதில்லை. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "நாளைக்கு இந்த மாத்திரை மெடிக்கல் ஷாப்புக்கு வந்தா, குவார்ட்டர்ஸ்காரங்க மட்டும்தான் வாங்கிச் சாப்பிடப் போறாங்களா?" என்றார்.

என் வேலையில் யாராவது குறை கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் கோபத்தைவிட எனக்கு ஆர்வம் கொஞ்சம் ஜாஸ்தி. அவர் போன பிறகு பட்டியலை எடுத்து முகவரிகளை மட்டும் வாசித்தேன். குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ், கடைவீதி, குவார்ட்டர்ஸ். மாரிகுப்பம் ஒன்றுகூட இல்லை. கோரமண்டலில் பழைய சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஒன்றுகூட இல்லை. பெண்கள் என்று பார்த்தால் அந்தப் பெரியவர்களின் மனைவிமார் சிலர். ஊரில் பாதியை நான் பார்க்கவே இல்லை. நல்ல வேளையாக இன்னும் சில இடங்கள் மீதமிருந்தன.

தமிழிலும் கன்னடத்திலும் நோட்டீஸ் அடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினேன். ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? நாங்கள் கதவு திறப்பதற்குள் அவர்கள் பெங்களூரில் வேலையில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறந்து வைத்தோம். அன்றைக்கும் நானும் டாக்டரும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரி, போய்க் கேட்டுவிடுவோம் என்று மாரிகுப்பத்துக்குப் போனேன். குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் நோட்டீஸை வாங்கி முழுதாக வாசித்தார்.

"ஞாயித்துக்கெழம பத்து மணின்னு போட்டுக் கீறீங்களே, யாரு வருவாங்க? பாதி பேருக்குச் சர்ச்சு கீது. மீதி பேருக்குக் கறி எடுக்கணும், ஒரு வாரத்துத் துணி கீது. ஆறரைக்கு வெச்சீங்கன்னா வருவோம்."

"வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும், பரவால்லியா?"

"ஆறரைக்கு எவ மேடம் சாப்டுகினு இருப்பா?"

அவர்தான் ரேணுகா. நாற்பதைத் தாண்டியவர். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தையலைச் சரிபார்க்கும் வேலை. சர்க்கரை இருப்பது தெரியும். கால் மரத்துப்போனால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஏதாவது வாங்கிக்கொள்வாராம். கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள் என்றேன். "சின்னவ பொறந்தப்போ" என்றார். சின்னவள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரை ஞாயிறு காலை ஆறரைக்கு வரவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. ஈரத்தலையும் கடுகடுத்த முகமுமாக வந்தார். ஆனால் வந்தார். ரேணுகா தன்னோடு ரயிலில் போகும் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தார். சம்மதப் படிவத்தை நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேள்வி கேட்டது அவர் மட்டும்தான்.

"இன்னா மேடம், எந்த மாத்திர யாருக்குன்னு உங்களுக்கே தெரியாதா? அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"சரி, அதுவாச்சும் ஆளப் பாத்துக் குடுக்காது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

போன முறை மாதிரி பிசகக் கூடாது என்று இந்தமுறை எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன். தினமும் காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை, டைரியில் டிக், பக்கத்தில் நேரம். எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிப் பக்கத்தையும் நானே எழுதி ஒட்டிக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கைக்கு பிரஷர் பட்டை கட்டும்போது ரேணுகா தாழ்ந்த குரலில், "எனுக்கு நெஜ மாத்திரதான் வந்துகீது மேடம். நல்லாத் தெரியுது" என்றார்.

நான் உடனே கையை உயர்த்தினேன். "அதப் பத்திப் பேசக் கூடாது ரேணுகா. ரூல்ஸ்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. எந்த மாத்திரை என்று ஊகிக்கக் கூடாது என்பதுதான் விதி. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விதியைப் பாத்திரத்துக்கு மூடி போல எடுத்துக் கவிழ்த்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் டைரிகள் வந்தன. அந்த வியாழக்கிழமை மானிட்டர் வரப்போகிறார் என்று ஞாயிறன்றே எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். காலி அட்டைகளை எண்ணினால் கணக்கு அச்சாகச் சரி. டைரியில் ஒரு நாள்கூட விடாமல் டிக். நேரம், காலை ஏழு. எல்லா நாளும் ஏழு. அடுத்த டைரியை எடுத்தேன், அதிலும் ஏழு. ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஏழு.

காலை ஏழு மணிக்கு இவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசித்தேன். பங்காருபேட்டையையும் தாண்டி ரயிலில் நசுங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே எது காலை உணவு, எது மாத்திரை? அப்புறம் ஒரு டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான் ஒட்டிக் கொடுத்த மாதிரிப் பக்கம். அதில் என் கையெழுத்தில், காலை ஏழு மணி. அது எங்கள் குவார்ட்டர்ஸ் நேரம். தொழிற்சாலைச் சங்கு கேட்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு எல்லா வீட்டிலும் ஏழு மணிக்கு இட்லி வேகும் என்று நினைப்பு. டீச்சர் போட்டுக் காட்டியது சரியான விடை என்று நினைத்து அவர்கள் அதையே எழுதியிருக்கிறார்கள்.

டாக்டரிடம் காட்டினேன். அவர் டைரிகளைத் தள்ளி வைத்தார். "இவங்க ஒழுங்கா சாப்பிட மாட்டாங்கன்னு நான் அப்பவே சொன்னேன். வியாழக்கெழமைக்குள்ள எல்லாரையும் எடுத்துடலாம்."

"எனக்கு ரெண்டு நாள் குடுங்க சார். எடுக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சின்னு தெரியணும்."

"தெரிஞ்சு?"

"தெரியாது சார். அதான் போய்ப் பாக்கறேன்."

திங்கட்கிழமை விடியற்காலை கோரமண்டலில் அந்த ரயிலில் ஏறினேன். பிறந்து வளர்ந்த ஊர், ஆனால் அந்த நேரத்து ரயிலில் நான் ஏறியதே இல்லை. மாரிகுப்பத்தில் புறப்படும்போதே இடம் நிறைந்துவிடுகிறது. ரேணுகா என்னைப் பார்த்து ஒரு நொடி திகைத்து, பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம், "ஸ்வல்ப நகுந்துக்கங்கடி, நம்ம மேடம்" என்று ஒரு கால் வைக்கும் அளவுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். பங்காருபேட்டையில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. கழிவறைக்குள்ளேயே நாலு பெண்கள் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தே இருந்தது, மூட வழியில்லை.

மற்றவர்கள் முன்னால் ட்ரையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது நல்ல விதி, அதை நீங்களும் காப்பாற்றுங்கள். அதனால் சும்மா நின்றுகொண்டு வந்தேன். தாகமாக இருந்தது. பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, மரியாதைக்குப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் நீட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தண்ணியா? இப்பவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாருக்காவது வேண்டுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் வேண்டாம். ஒரு அம்மா என்மேல் இரக்கப்பட்டு, "இறங்கற வரிக்கும் குடிக்கறதில்ல மேடம். அங்க போனா மட்டும் இன்னா, லைன விட்டு எழுந்தா சூப்பர்வைசர் மணியப் பாப்பான். மத்தியானம் சோத்தோட ஒரு சொம்பு" என்றார். சொல்லிவிட்டு அவர் வேறு கதைக்குப் போய்விட்டார், அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை.

எனக்குக் கையிலிருந்த பாட்டில் கனத்தது. சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையை, விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காதவர்களிடம் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் முப்பது கேள்வி கேட்டேன். பீடி, புகையிலை, அலர்ஜி, அம்மாவுக்கு என்ன நோய், அப்பாவுக்கு என்ன நோய். தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்கவில்லை. குவார்ட்டர்ஸில் அந்தக் கேள்விக்கு அவசியமே வந்ததில்லை.

பெங்களூரில் இறங்கி ரேணுகா கம்பெனிக்கு நடக்கும்போது கூடவே நடந்தேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

"ரேணுகா, காலையில அந்த மாத்திரை போடறீங்களா?"

"கேக்காதீங்க மேடம்."

"நான் சண்டைக்கு வரல. தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

"சொன்னா எடுத்துடுவீங்க. எனுக்குன்னு ஒரு டாக்டர் கெடச்சி இப்பதான் மூணு மாசம் ஆவுது. ஞாயித்துக்கெழம வந்து உக்காந்தா அந்தாளு கால எடுத்து மேல வெச்சி வெரல் வெரலா அமுக்கிப் பாக்கறாரு. எங்கூட்டுல யாரும் அப்டிப் பாத்ததில்ல. அத்த உட்டுட முடியாது."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி கேட் தெரிந்தது. எனக்கு உண்மை வேண்டும், அதுவும் உடனே வேண்டும். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இதே வாக்கியத்தைச் சொல்லப் பார்ப்பீர்கள்.

"உண்மையச் சொன்னா உங்கள யாரும் எடுக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் நம்பிவிட்டார். முதல் வாரம் சொன்னபடி போட்டாராம். சிறுநீரை அடக்க முடியாமல் ரயிலில் உயிர் போனதாம். ராத்திரி மாற்றிப் பார்த்தாராம். லைன் வீட்டில் கக்கூஸ் வெளியே, பொது. நாலு தடவை எழுந்தால் மறுநாள் காலர் தையல் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையிலும் லீவு நாளிலும் மட்டும். மிச்சத்தை அட்டையிலிருந்து பிரித்து ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்.

"தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"மருந்து மேடம், மனசு வரல. அதான் அன்னைக்கே சொன்னேனே நெஜ மாத்திரைன்னு. நீங்கதான் ரூல்ஸுன்னீங்க." கேட்டுக்குள் ஓடிவிட்டார்.

டாக்டரிடம் வந்து சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர். இத்தனை பொய் டைரிகள் வெளியே தெரிந்தால் அந்த ட்ரையலிலிருந்தே எங்கள் ஆஸ்பத்திரியைத் தூக்கிவிடலாம். அடுத்த ட்ரையலும் வராது. ஞாயிறு காலையும் அதோடு போய்விடும்.

"விலகுனவங்க ஃபாரம் எடு. 'சொந்தக் காரணம்'னு எழுது. யாருக்கும் கெட்ட பேர் இல்ல. அவங்களுக்கும் இல்ல."

அந்தப் படிவத்தை எடுத்தேன். 'சொந்த' என்று எழுதியும்விட்டேன். நான் உத்தமி என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். பேனாவை நிறுத்தியது நேர்மை அல்ல, ஒரு கேள்வி. ரேணுகா சொல்பேச்சுக் கேட்காததால் தப்பித்தார். சொல்பேச்சைக் கேட்டவர் யாராவது அந்த ரயிலில் இருந்தால்?

"சார், இவங்கள்ல ஒருத்தராவது நான் சொன்னபடியே தெனமும் போட்டிருந்தா என்ன ஆகும்?"

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாரையும் நாளைக்கே வரச் சொல்லு. மாத்திரைய நிறுத்தச் சொல்லு. கிட்னிக்கு ரத்தம் எடு" என்றார். அந்தப் படிவத்தை அவரே வாங்கிக் கிழித்துப் போட்டார்.

அப்படி ஒருவர் இருந்தார். வேலை போகாமலிருக்கத் தண்ணீர் குடிக்காமல், என் மனசு நோகாமலிருக்க மாத்திரையை விடாமல், இரண்டையும் சேர்த்துச் செய்தவர். அவருடைய ரத்தத்தில், சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, தண்ணீரும் ஓய்வும் கொடுத்ததில் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை மானிட்டர் வந்ததும் டைரிகளைக் காட்டுவதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். மாதிரிப் பக்கத்தில் ஏழு மணி என்று எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சது ஒரு பக்கம் எழுதுங்க. தெரியாதது ஒரு பக்கம் எழுதுங்க. ரெண்டையும் கலக்காதீங்க."

தெரியாத பக்கம்தான் நீளமாக வந்தது. டாக்டர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி எங்கள் இடத்தில் ஆள் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது. சில வாரம் கழித்து ஒரு யோசனை அனுப்பியது: தினமும் நீண்ட தூரம் பயணம் செய்பவர்களை இனிச் சேர்க்க வேண்டாம். படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படிச் செய்தால் பதிவுகள் சுத்தமாக இருக்கும், மாத்திரை பாதுகாப்பானது என்று சான்றிதழும் கிடைக்கும். அப்புறம் அது மெடிக்கல் ஷாப் வழியாக அதே ரயிலில் ஏறும், கேட்க ஒரு ஆள் இருக்காது. இதைத்தான் டாக்டர், ட்ரையலில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் எங்கள் எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதினார், என்னைவிட நாகரிகமான வார்த்தைகளில். மானிட்டரும் தன் மேலதிகாரிகளிடம் அதையே சொல்லியிருக்கிறார். கடைசியில் திட்டத்தை மாற்றினார்கள். மாத்திரை நேரத்தை அவரவர் வேலையைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகச் சோதனை முன்கூட்டியே. வேலை நேரம், பயணம், தண்ணீர், கழிவறை எல்லாவற்றையும் ஒவ்வொரு ஊரிலும் முதலில் கேட்க வேண்டும். நேரம் சரிவராதவருக்கு, இந்த மாத்திரை உங்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் மறுபடி ஆள் சேர்க்க அனுமதி வந்தது, ஞாயிறு ஆறரை மணியும் எழுத்தில் வந்தது.

கடைசி வரியில், முன்பு டைரி தவறாக எழுதியவர்கள் இந்த ட்ரையலில் தொடர முடியாது என்று இருந்தது. அதை மாற்ற யாராலும் முடியவில்லை. நியாயமும் கம்பெனி பக்கம் இருந்தது, எந்த நாள் போட்டார், எந்த நாள் போடவில்லை என்று தெரியாதவரின் ரத்தத்தை வைத்து எதைச் சொல்ல முடியும்?

ரேணுகாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ரேணுகா முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"உங்களால முடியுமான்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எதுக்குச் சொன்னீங்க?"

உங்கள் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்குவதற்காகச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? ட்ரையல் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு டாக்டர் பார்ப்பார், அவரிடம் கேட்டுவிட்டேன், வாங்க என்றேன். அதை ரேணுகா காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாலு ஞாயிறு வரவில்லை. மாத்திரைகளை எண்ணிப் பதிவு செய்து திருப்பி அனுப்பினேன். எண்ணும்போது எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன்.

ஐந்தாவது ஞாயிறு, ஆறரை ஆகவில்லை, வெளியே பேச்சுக் குரல். ரேணுகா நின்றுகொண்டிருந்தார். பின்னால் நான் பார்த்திராத மூன்று பெண்கள்.

"இவங்க மூணு பேருக்கும் சக்கர கீது. சேரணும்னு கேக்கறாங்கோ. கூட்டிகினு வந்தேன்."

"உள்ள வாங்க ரேணுகா. வாங்க, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. வாசலிலேயே கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நான் அந்த மூவரையும் உட்காரவைத்து, படிவத்தை எடுத்து, மாத்திரையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"மாத்திரையப் பத்தி அப்பறம் சொல்லுங்க மேடம்" என்று ரேணுகா இடைமறித்தார். "மொதல்ல உங்க கையில இன்னா இல்லன்னு சொல்லுங்க."

படிவத்தைக் கீழே வைத்தேன். சொன்னேன். உங்களுக்கு எந்த மாத்திரை வரும் என்பது என் கையில் இல்லை. நடுவில் உங்களை நிறுத்தச் சொன்னால் தடுப்பது என் கையில் இல்லை. இது உங்கள் சர்க்கரையைக் குறைக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கம்பெனியில் உங்களை எழுந்து போக விடுவது என் கையில் இல்லை. நீங்கள் உண்மை சொல்வதால் உங்களுக்கு நஷ்டம் வராது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. என் கையில் இருப்பது இரண்டுதான்: நீங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன். நீங்கள் ட்ரையலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு இந்தக் கதவு திறந்திருக்கும்.

மூவரில் ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, படிவத்தில் இப்போது முதலில் இருக்கும் தண்ணீர்க் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

ரேணுகா அப்போதுதான் கதவை விட்டு நகர்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைத் தாண்டி நேராக உள்ளே போய், டாக்டர் எதிரே உட்கார்ந்து, காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார்.